இரண்டணா டாக்டர்: பிக்மி சேமிப்புத் திட்டம் தந்த டி.எம்.ஏ. பை

பெங்களூரில் பெட்டிக்கடை வைத்தவர்களுக்கும், பூ, காய்கறி விற்பவர்களுக்கும் "பிக்மி" என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. தோளில் பையும் கையில் ரசீதுப் புத்தகமுமாகத் தினமும் கடைக்கு வந்து, ஐந்தோ பத்தோ வாங்கிக் கொண்டு பதிந்து கொடுத்துவிட்டுப் போகும் ஏஜெண்டை அவர்கள் நன்கு அறிவார்கள். இந்த முறையை நாட்டுக்குத் தந்தவர்களில் முக்கியமானவர் ஒரு டாக்டர். பெயர் டோன்சே மாதவ அனந்த பை. பணத்தோடு சம்பந்தப்பட்ட மனிதருக்குப் "பை" என்ற பெயர் தமிழ்க் காதுக்குப் பொருத்தமாகவே படும். ஆனால் அது கொங்கணிக் குடும்பப் பெயர்.

1898 ஏப்ரல் 30-ந் தேதி உடுப்பிக்கு அருகிலுள்ள கல்யாண்பூரில் பிறந்தார். அந்நாளில் தென் கன்னட ஜில்லா சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. 1956 மொழிவாரிப் பிரிவினையில்தான் அது மைசூர் ராஜ்யத்துக்குப் போயிற்று. ஆகவே மேற்படிப்பு என்றால் அந்த ஜில்லாப் பையன்கள் சென்னைக்குத்தான் வர வேண்டும். மாதவ பையும் சென்னையில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றார். பெரிய ஊருக்குப் போய்ப் பெயரும் பணமும் சம்பாதிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. சொந்த ஊர் ஏழைகளை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று தாயார் பிடிவாதமாக நின்றார். மகன் மனமில்லாமல்தான் தங்கினார் என்கிறார்கள். அந்தத் தாயார் அன்று விட்டுக் கொடுத்திருந்தால் மணிப்பால் இன்று வெறும் மொட்டைக் குன்றாகவே இருந்திருக்கும்.

கிராமத்து வைத்தியருக்கு ஒரு விஷயம் சீக்கிரம் புரிந்தது. மருந்து எழுதிக் கொடுத்தால் வாங்கக் காசில்லை. காசு வந்தாலும் கையில் நிற்பதில்லை. எழுதப் படிக்கத் தெரியாததால் கடன் கொடுத்தவன் சொன்னதே கணக்கு. நோய், வறுமை, அறியாமை மூன்றும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று கண்டார். அவருடைய பிற்கால வேலைகள் எல்லாம் இந்த மூன்றைச் சுற்றியே நடந்தன.

அப்போது உடுப்பிப் பகுதியில் கைத்தறிக்குக் கெட்ட காலம். நெசவாளிக்கு நூல் வாங்க முதல் இல்லை. டாக்டரின் அண்ணன் உபேந்திர அனந்த பை ஜவுளி வியாபாரி. நெசவாளியின் கஷ்டத்தை நேரில் பார்த்தவர். அவரும், டாக்டரும், வாமன் குடுவா என்ற என்ஜினீயரும் சேர்ந்து 1925-ல் உடுப்பியில் ஒரு பாங்கைத் தொடங்கினார்கள். மூலதனம் 8,000 ரூபாய். சிப்பந்தி ஒரே ஒருவர். பெயர் மட்டும் நீளம்: கனரா இண்டஸ்டிரியல் அண்டு பாங்கிங் சிண்டிகேட் லிமிடெட். இதுவே பிறகு சிண்டிகேட் பாங்கு ஆயிற்று.

எட்டாயிரத்தை வைத்துக் கொண்டு எத்தனை பேருக்குக் கடன் கொடுக்க முடியும்? பணக்காரர் பணம் பழைய இடங்களுக்கே போயிற்று. மிச்சமிருந்தது ஏழையின் சில்லறை. ஆனால் ஏழை பாங்குக்கு வரமாட்டான். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வர முடியாது. வந்தாலும் இரண்டணாவைக் கவுண்ட்டரில் நீட்டக் கூச்சம். ஆகவே பாங்கு அவன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. 1928-ல் பிக்மி டெபாசிட் திட்டம் பிறந்தது. பிக்மி என்றால் குள்ளன். தினம் இரண்டணா கொடுத்தால் போதும். ஏஜெண்டு வாசலுக்கு வந்து வாங்கிக் கொள்வார்.

பதினாறு அணா ஒரு ரூபாயாக இருந்த காலம் அது. தினம் இரண்டணா என்றால் மாதம் மூன்றே முக்கால் ரூபாய். வருஷ முடிவில் வட்டி சேர்க்காமலே நாற்பத்தைந்து ரூபாய்க்கு மேல். பீடி சுற்றுபவருக்கும் ஓட்டுத் தொழிற்சாலைக் கூலிக்கும் அப்படி ஒரு மொத்தத் தொகை, கடன் வாங்காமல் கைக்கு வருவது அபூர்வம். சீட்டுக் கட்டி, பிடித்தவன் ராவோடு ராவாக ஊரை விட்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதைத் தர்மம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. வியாபாரக் கணக்கும் இதில் உண்டு. வாசல் வாசலாகப் போய் வாங்குவதற்கு ஏஜெண்டுக்குக் கமிஷன் தர வேண்டும். ரசீது, பேரேடு என்று செலவு வேறு. ஆனால் ஒரு பெரிய மனிதர் கோபித்துக் கொண்டு ஒரே நாளில் லட்ச ரூபாயை எடுத்துக் கொண்டு போனால் சின்ன பாங்கு ஆடிப் போகும். ஆயிரம் பேருடைய இரண்டணாக்கள் அப்படி ஒரே நாளில் போவதில்லை. தினம் மழைத்தூறல் மாதிரி வந்து கொண்டே இருக்கும். அதை நம்பி நெசவாளிக்கும் சிறு விவசாயிக்கும் துணிந்து கடன் கொடுக்கலாம். அதோடு, நாள்தோறும் தெருவில் நடக்கும் ஏஜெண்டுக்கு எவன் நாணயஸ்தன், எவன் குடிகாரன் என்பது தெரியும். அந்தத் தகவலுக்கு விலை போட முடியாது.

பெரிய பாங்குகள் பட்டணத்தையே சுற்றிக் கொண்டிருந்தபோது இவர்கள் கிராமங்களுக்குப் போனார்கள். 1946-ல் ஒரே நாளில் 29 கிராமக் கிளைகளைத் திறந்தார்கள். பாங்கை நிர்வகித்ததில் உபேந்திர பையின் மகன் டி.ஏ. பைக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னாளில் மத்திய மந்திரியாகி, 1972-ல் ரயில்வே இலாகாவைப் பார்த்தவர் அவரே. பழைய ரயில்வே சிப்பந்திகளுக்குப் பெயர் ஞாபகம் இருக்கும்.

1969 ஜூலை 19-ல் 14 பாங்குகள் தேசியமயமாயின. ஐம்பது கோடி ரூபாய்க்குக் குறையாத டெபாசிட் உள்ளவையே அந்தப் பட்டியலில் வந்தன. எட்டாயிரம் ரூபாய்ப் பாங்கும் அதில் ஒன்று. அதன் தலைமை அலுவலகம் அதற்குப் பிறகும் மணிப்பாலிலேயே இருந்தது. நாட்டுடைமையான பாங்குக்கு ஒரு குன்றின் மேல் தலைமை அலுவலகம் என்பது டில்லிக்காரர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கலாம். 1975 அக்டோபர் 2-ல் நாட்டின் முதல் கிராமிய பாங்கு உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்தில் ஏற்பட்டபோது அதற்குப் பொறுப்பேற்றதும் சிண்டிகேட் பாங்குதான்.

அறியாமைக்கு மருந்தாக டாக்டர் கல்வியைப் பிடித்தார். 1942-ல் மணிப்பாலில் பொதுக் கல்விக் கழகம் தோன்றியது. படித்துவிட்டு வேலை தேடி அலையாதபடி கைத்தொழில் கற்றுத் தர வேண்டும் என்பது முதல் நோக்கம். 1953-ல் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி. 1957-ல் என்ஜினீயரிங் கல்லூரி. சர்க்காரைத் தவிர யாரும் மருத்துவக் கல்லூரி நடத்த முடியாது என்று எண்ணிய காலத்தில் தனியார் நடத்திக் காட்டினார். சொந்தமாகப் பெரிய ஆஸ்பத்திரி இல்லாத அந்த நாளில் மங்களூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாணவர்களுக்குப் பயிற்சி தர ஏற்பாடு செய்து கொண்டார்.

இதில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கல்லூரிக்குப் பணம் மாணவர்களின் பெற்றோர் தந்த நன்கொடையிலிருந்து வந்தது. இரண்டணாக்காரனுக்காகப் பாங்கு கண்டவர், அவன் பிள்ளைக்கு எட்டாத கல்லூரியைக் கட்டினார் என்ற பேச்சு எழுந்தது. அந்தப் பணம் ஆஸ்பத்திரியாகி ஏழை நோயாளிகளுக்கும் பயன்பட்டது உண்மை. ஆனால் நன்கொடை வழக்கத்தைப் பார்த்து மற்ற ஊர்களில் கல்லூரிக் கடை விரித்தவர்களும் உண்டு. 1984-ல் கர்நாடக அரசு நன்கொடை வசூலைத் தடுத்துச் சட்டம் செய்தது. தனியார் கல்லூரிகளின் உரிமை பற்றி 2002-ல் சுப்ரீம் கோர்ட்டின் 11 நீதிபதிகள் அளித்த பெரிய தீர்ப்பு டாக்டர் பையின் பெயரிலுள்ள அறக்கட்டளை தொடுத்த வழக்கில் வந்ததுதான்.

1972-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்ற டாக்டர், 1979 மே 29-ல் காலமானார்.

அவர் தெருவுக்கு அனுப்பிய ஏஜெண்டுகளின் கதை அதற்குப் பிறகும் தொடர்ந்தது. வெயிலிலும் மழையிலும் ஊரார் சேமிப்பை வாங்கி வந்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டுமே. வயதானால் வெறுங்கை. சிண்டிகேட் உள்படப் பல பாங்குகளின் வசூல்காரர்கள் தாங்களும் தொழிலாளர்களே என்று வழக்காடினார்கள். 1988-ல் ஹைதராபாத் தொழில் நடுவர் மன்றம் அவர்கள் பக்கம் சொன்னது. பாங்குகள் விடவில்லை, மேலே போயின. 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு, இவர்கள் தொழிலாளர்களே, கமிஷன் என்பது கூலியே என்று தீர்த்தது. கிராஜுவிட்டிக்கு வழி பிறந்தது. மற்றச் சிப்பந்திகளுக்குள்ள சம்பள விகிதம் மட்டும் கிடைக்கவில்லை.

2020 ஏப்ரல் 1-ல் சிண்டிகேட் பாங்கு கனரா பாங்குடன் இணைக்கப்பட்டது. அதுவும் அதே ஜில்லாவில், உடுப்பியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியுள்ள மங்களூரில், 1906-ல் அம்மெம்பள சுப்பாராவ் பை என்ற வக்கீல் ஆரம்பித்தது.