இரும்புச் சட்டையைத் துளைத்த டாக்டர்: நவீன வில் வேட்டையின் முன்னோடி சாக்ஸ்டன் போப் யார்?

பழங்காலப் போர்வீரர்கள் போட்டிருந்த இரும்பு வளையச் சட்டையை அம்பு துளைக்குமா? சுமார் நூறு வருடங்களுக்கு முன்பு ஓர் அமெரிக்க டாக்டருக்கு இந்தச் சந்தேகம் வந்தது. டமாஸ்கஸில் செய்த ஒரு பழைய சட்டையும் கிடைத்தது. அருங்காட்சியக ஊழியர் ஒருவர், தானே அதை மாட்டிக்கொண்டு நிற்பதாகவும், தன்மேல் எய்து பார்க்கலாம் என்றும் முன்வந்தாராம். நல்லவேளை, டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. மரப்பெட்டிக்குச் சட்டையை மாட்டி, ஏழு கஜ தூரத்தில் நின்று எய்தார். தீப்பொறி பறக்க, அம்பு சட்டையைத் துளைத்து உள்ளே போனது.

அவர்தான் சாக்ஸ்டன் போப். அன்று அவர் எய்தது ஊசி மாதிரி கூர்ந்த எஃகு முனை. ஆனால் கரடியையோ மானையோ வேட்டையாடப் போகும்போது அந்த முனையை அவர் எடுத்துப் போகவில்லை. ஏன்? அதில்தான் விஷயம் இருக்கிறது.

யார் இந்த போப்?

1875இல் டெக்சாஸில் பிறந்தவர். அப்பா ராணுவ மருத்துவர். போப்பும் டாக்டருக்குப் படித்து, சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சை கற்றுக்கொடுத்தார். கல்லூரிக்குப் பக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் மானுடவியல் அருங்காட்சியகம். அங்கே வந்து சேர்ந்த ஒரு மனிதர் அவர் வாழ்க்கையையே மாற்றினார்.

இஷி கற்றுக்கொடுத்த பாடம்

1911 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு அருகே, பட்டினியால் மெலிந்த ஒருவர் தனியாக வந்து நின்றார். யாஹி என்ற பழங்குடியின் கடைசி மனிதர். தங்கம் தேடி வந்த வெள்ளையர்கள் குடியேறிய பிறகு நடந்த படுகொலைகளில் அந்த இனமே அழிந்திருந்தது. அவர் தன் பெயரைக் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அதனால் அவர் மொழியில் மனிதன் என்று பொருள்படும் இஷி என்ற சொல்லே பெயராக நிலைத்தது. மானுடவியலாளர்கள் வாட்டர்மேனும் க்ரோபரும் அவரை அருங்காட்சியகத்துக்கு அழைத்து வந்தார்கள்.

இஷிக்கு வைத்தியம் பார்க்கப் போன போப், அவரிடமே மாணவராகச் சேர்ந்துவிட்டார். ஜூனிபர் மரத்தில் வில் செய்வது, அதன் முதுகில் விலங்கின் தசைநாரை ஒட்டுவது, சத்தமில்லாமல் விலங்கை நெருங்குவது என எல்லாமே இஷி சொல்லிக்கொடுத்தவை. எரிமலைக் கண்ணாடியான அப்சிடியனையும் சாதாரண பாட்டில் கண்ணாடியையும் சில்லு சில்லாகப் பெயர்த்து அம்பு முனை செய்வதில் இஷி கில்லாடி. போப்பை அவர் குவி என்று கூப்பிட்டார். வைத்தியர் என்று அர்த்தம்.

அம்பு எப்படிக் கொல்கிறது?

துப்பாக்கிக் குண்டு வேகத்தாலும் அதிர்ச்சியாலும் திசுக்களைச் சிதைக்கும். அம்புக்கு அந்த வேகம் கிடையாது. அது வெட்டும், ரத்தக்குழாய்களை அறுக்கும். ரத்தப்போக்கால்தான் விலங்கு விழும். தினமும் கத்தி பிடிக்கும் சர்ஜனுக்கு இது சட்டென்று புரியும். மழுங்கிய முனை பட்டால் ரத்தக்குழாய் நழுவி ஒதுங்கிவிடும். விலங்கு காயத்தோடு ஓடி, எங்கோ போய் நாள்கணக்கில் துடித்துச் சாகும்.

போப் இதைச் சோதித்தும் பார்த்தார். பெட்டியில் மாட்டு ஈரலை நிரப்பி, மான் தோலால் மூடி, எஃகு முனையையும் அப்சிடியன் முனையையும் எய்தார். அப்சிடியன்தான் ஆழமாகப் போனது. பழசு என்று ஒதுக்கப்பட்ட இஷியின் தொழில்நுட்பம், எஃகைத் தோற்கடித்தது. ஆனால் கண்ணாடி எலும்பில் பட்டால் உடையும். அதனால் பெரிய விலங்குகளுக்கு போப் எஃகையே எடுத்தார். சுமார் 3 அங்குல நீளம், ஒன்றேகால் அங்குல அகலத்தில், இரண்டு பக்கமும் தீட்டிய தகடு. அதைக் குழாயில் பொருத்திப் பற்றவைத்தார். இன்று பிக்ஸட் பிளேடு பிராட்ஹெட் என்று விற்கும் முனைகள் அதே வகையைச் சேர்ந்தவை.

கிரிஸ்லி முதல் சிங்கம் வரை

1920இல் போப்பும் நண்பர் ஆர்தர் யங்கும், கலிபோர்னியா அறிவியல் அகாடமியின் காட்சிக்கூடத்துக்காக, அனுமதி வாங்கி யெல்லோஸ்டோனில் கிரிஸ்லி கரடிகளை அம்பால் வேட்டையாடினார்கள். துப்பாக்கியோடு ஒரு வழிகாட்டியும் துணைக்குப் போனார். 1923இல் போப் தன் அனுபவங்களைப் புத்தகமாக்கினார். அதைப் படித்து வில் எடுத்தவர்கள் ஏராளம். 1925இல் ஆப்பிரிக்காவின் டாங்கனிகாவில் சிங்க வேட்டைக்குப் போனார். அடுத்த வருடமே நிமோனியாவால் இறந்துபோனார்.

இன்றைக்கு எப்படித் தேர்வு செய்கிறார்கள்?

இந்தியாவில் வனவிலங்கு வேட்டைக்குத் தடை. அமெரிக்காவில் உரிமம் வாங்கி, குறிப்பிட்ட சீசனில் வில்லோடு போகலாம். அங்கே கடைகளில் இரண்டு வகை முனைகள் உண்டு. விலங்கின் மேல் பட்டதும் விரியும் மெக்கானிக்கல் வகை ஒன்று. எப்போதும் விரிந்தே இருக்கும் பிக்ஸட் வகை இன்னொன்று. விரிவதற்கே கொஞ்சம் விசை செலவாகும். எல்க், மூஸ் போன்ற பெரிய விலங்குகளுக்கும், விசை குறைந்த வில்லுக்கும் பலர் பிக்ஸட் வகையை நம்புவது அதனால்தான். உடைய நகரும் பாகமும் இல்லை.

அதற்கும் ஒரு குறை உண்டு. வெளியே நீட்டியிருக்கும் பிளேடு காற்றில் குட்டி இறக்கை மாதிரி வேலை செய்து அம்பைத் திசை திருப்பும். வில்லைச் சரியாக டியூன் செய்து, வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே முனையோடு பயிற்சி எடுக்க வேண்டும். எடை பொதுவாக 100 அல்லது 125 கிரெயின். அதாவது ஆறரை முதல் எட்டு கிராம் வரை. குறைந்தது 7/8 அங்குல அகலம் வேண்டும் என்று பல மாநிலங்களில் விதியே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், கூர்மை. போப் காலத்திலிருந்து இது மட்டும் மாறவே இல்லை.

தீராத கடன்

இஷி 1916 மார்ச்சில் காசநோயால் இறந்தார். கடைசி வரை கூட இருந்தவர் போப். சவப்பெட்டியில் இஷியின் வில்லையும் அம்புகளையும் வைத்தார்கள். ஆனால் அதற்கு முன் பிரேதப் பரிசோதனை நடந்தது. இறந்தவர் உடலை அறுப்பது இஷிக்குப் பிடிக்காது. அது அவரைச் சுற்றி இருந்தவர்களுக்குத் தெரியும். வேண்டாம் என்று நியூயார்க்கிலிருந்து க்ரோபர் எழுதிய கடிதம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. இஷியின் மூளையைத் தனியே எடுத்துவிட்டார்கள். அதைப் பிறகு ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்ததும் அதே க்ரோபர்தான். 2000ஆம் ஆண்டுதான், இஷியின் உறவு இனங்களாகக் கருதப்படும் கலிபோர்னியப் பழங்குடியினரிடம் அது ஒப்படைக்கப்பட்டது.

நண்பராகப் பழகிய போப், டாக்டராக அந்தப் பரிசோதனைக்குத் துணை நின்றார். விலங்கு துடிக்கக் கூடாது என்று முனையின் கூர்மைக்கு அத்தனை பாடுபட்டவர், தன் குருவின் விருப்பத்தைக் காப்பாற்றவில்லை.

1961இல் தொடங்கிய அமெரிக்க வில் வேட்டைக்காரர்களின் அமைப்புக்கு போப் அண்ட் யங் கிளப் என்று பெயர் வைத்தார்கள். போப்புக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரின் பெயர் அதில் இல்லை.