4 பையன்களுக்குப் பாடம் எடுத்த டீச்சர், 700 புத்தகங்கள் எழுதியது எப்படி? - எனிட் பிளைட்டனின் கதை

லண்டனின் தென்மேற்கு ஓரத்தில், செசிங்டன் ஹூக் ரோட்டில் ஒரு வீட்டுச் சுவரில் வட்டமான நீலப் பலகை பதித்திருக்கிறார்கள். குழந்தைகள் எழுத்தாளர் எனிட் பிளைட்டன் இங்கே வாழ்ந்தார் என்பதற்கான அடையாளம் அது. 'ஃபேமஸ் ஃபைவ்', 'சீக்ரெட் செவன்', 'நோடி' எல்லாம் இங்கேதான் எழுதினாரா என்றால், இல்லை. இந்த வீட்டில் அவர் பார்த்தது டீச்சர் வேலை.

நம்ம ஊர் இங்கிலீஷ் மீடியம் பள்ளி லைப்ரரிகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதில்லை. ஜிஞ்சர் பீர் என்றால் என்னவென்றே தெரியாமல், அதைக் குடிக்க ஆசைப்பட்டவர்கள் பலர் இருப்பார்கள்! சுமார் 700 புத்தகங்கள், உலகம் முழுக்க விற்பனை 60 கோடி பிரதிகளுக்கு மேல் என்று சொல்லப்படுகிறது. ஆனா, இவ்வளவு படிக்கப்பட்ட ஒருவர் மீது இவ்வளவு புகார்கள் ஏன்?

அப்பா வீட்டைவிட்டுப் போனார்

1897 ஆகஸ்ட் 11-ம் தேதி லண்டனின் ஈஸ்ட் டல்விச்சில் பிறந்தவர் எனிட். அப்பா தாமஸ்தான் அவருக்கு எல்லாம். பூ, பறவை, பியானோ, புத்தகம் என அத்தனையும் அவரிடம் கற்றதுதான். எனிட்டுக்கு 13 வயது ஆகும் சமயத்தில், அந்த அப்பா வேறொரு பெண்ணுக்காக வீட்டைவிட்டுப் போய்விட்டார். அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லச் சொன்னார் அம்மா. வெளியே சொல்ல முடியாத விஷயம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவதுதான் அந்தச் சிறுமிக்கு வடிகாலாக இருந்தது. அம்மாவுக்கோ அது வீண் வேலையாகத் தெரிந்தது.

பியானோ கலைஞராக வருவார் என்பது வீட்டின் திட்டம். எனிட் அதை உதறிவிட்டு, 1916-ல் இப்ஸ்விச் நகரில் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தார். கிண்டர்கார்டனுக்கு வித்திட்ட ஃப்ரோபெல் என்ற ஜெர்மானியரின் முறை அது. விளையாட்டு, இயற்கை, கதை வழியாகத்தான் குழந்தை கற்கும் என்பது அதன் அடிப்படை. 1919-ல் கென்ட் பகுதியில் ஒரு பையன்கள் பள்ளியில் ஓராண்டு வேலை. அடுத்த ஆண்டுதான் ஹூக் ரோடு வீடு.

வகுப்பறைதான் சோதனைக்கூடம்

அங்கே 4 அண்ணன் தம்பிகளுக்குப் பாடம் சொல்லித் தருவது வேலை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர, அது ஒரு குட்டிப் பள்ளிக்கூடமாகவே ஆகிப்போச்சு. எழுதிய கதைகளை அவர்களிடம் சொல்லிப் பார்ப்பார். எந்த இடத்தில் பிள்ளைகள் கண் விரிகிறது, எங்கே ஜன்னல் பக்கம் திரும்புகிறார்கள் என்பதை நேரில் பார்க்கிற வாய்ப்பு எத்தனை எழுத்தாளர்களுக்குக் கிடைக்கும்? 1922-ல் முதல் புத்தகம் வந்தது, 24 பக்கக் கவிதைத் தொகுப்பு. அதே காலத்தில் ஆசிரியர்களுக்கான வார இதழிலும் எழுதத் தொடங்கினார்.

1924-ல், பதிப்பக எடிட்டரான ஹியூ பொல்லாக்கைத் திருமணம் செய்தார். டீச்சர் வேலை அதோடு முடிந்தது. ஆனால் அந்த வகுப்பை மனசளவில் அவர் விடவே இல்லை. வளைத்துச் சொல்வதோ வர்ணனையோ இல்லாமல், அடுத்து என்ன நடக்கும் என்பதை மட்டுமே நம்பி எழுதினார். 1942-ல் முதல் 'ஃபேமஸ் ஃபைவ்', 1949-ல் 'நோடி'.

காலைச் சாப்பாடு முடிந்ததும் டைப்ரைட்டரை மடியில் வைத்து உட்கார்ந்தால், ஒரே நாளில் 6,000 முதல் 10,000 வார்த்தைகள். முன்கூட்டியே திட்டம் போடுவதில்லை. மனசுக்குள் படம் ஓடும், அதைப் பார்த்து எழுதுவதாகச் சொல்வார். ஒரே ஆள் இவ்வளவு எழுத முடியாது, பின்னால் வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற வதந்தி கிளம்பியது. சும்மா விடவில்லை, 1955-ல் சட்ட நடவடிக்கை எடுத்து ஜெயித்தார்.

பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை

பிபிசி 1930-களில் இருந்து 1950-கள் வரை அவர் கதைகளை ஒதுக்கியே வைத்திருந்தது. தரமில்லாத எழுத்து என்பது அதிகாரிகளின் முடிவு. சில நூலகங்களும் அவர் புத்தகங்களை வாங்க மறுத்தன. 12 வயதுக்கு மேற்பட்டவர்களின் விமர்சனம் எனக்குத் தேவையில்லை என்பதுதான் எனிட்டின் நிலைப்பாடு.

மொழி எளிமை என்ற புகாரை இப்படித் தள்ளிவிடலாம். இன்னொன்றை அப்படித் தள்ள முடியாது. அவர் கதைகளில் திருடர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர், ஜிப்ஸிகள். ஒரு கதையில் முகம் கறுப்பாக இருப்பதால் மற்ற பொம்மைகள் வெறுக்கும் ஒரு பொம்மை வருகிறது; மழையில் அந்தக் கறுப்பு கழுவப்பட்ட பிறகுதான் அதைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நிறம் கறுத்த ஒரு குழந்தை இதைப் படித்தால் என்ன நினைக்கும்? அந்தக் காலம் அப்படி என்றும் விட முடியாது. 1960-லேயே மேக்மில்லன் பதிப்பகம், அவருடைய ஒரு நாவலை வெளிநாட்டவர் மீதான வெறுப்பு தெரிகிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. 2016-ல் அவர் நினைவாக 50 பென்ஸ் நாணயம் வெளியிடும் யோசனையும் இதே காரணத்தால் கைவிடப்பட்டது.

மகள்களுக்கு மறைக்கப்பட்ட அப்பா

பொல்லாக்குடனான திருமணம் முறிந்தது. 1943-ல் டாக்டர் கென்னத் டாரல் வாட்டர்ஸை மணந்தார். அதன்பின் மகள்கள் கில்லியன், இமோஜன் இருவரையும் சொந்த அப்பாவைப் பார்க்கவே விடவில்லை. 1952-ல் குழந்தைகளுக்காக எழுதிய தன் வாழ்க்கைக் கதையிலும் பொல்லாக் பெயர் இல்லை. ஒரு காலத்தில் அம்மா தன்னைச் சொல்ல வைத்த பொய்யை, இப்போது அவரே சொன்னார்.

அம்மாவைப் பற்றி மகள்கள் இருவரும் ஒரே மாதிரி பேசவில்லை. கில்லியனுக்கு அவர் அன்பான, நியாயமான தாய். தாய்மை உணர்வே இல்லாதவர் என்று 1989-ல் புத்தகமே எழுதினார் இமோஜன். ஊர்க் குழந்தைகளின் கடிதங்களுக்குக் கைப்பட பதில் எழுதியவரின் வீட்டில், சொந்த மகள் தள்ளி நின்று பார்த்திருக்கிறாள்.

கடைசி ஆண்டுகளில் மறதி நோய் அவரை ஆட்கொண்டது. 1967-ல் கென்னத் இறந்தார். 1968 நவம்பர் 28-ம் தேதி, 71 வயதில், லண்டன் ஹாம்ஸ்டெட்டில் உள்ள நர்சிங் ஹோமில் எனிட் காலமானார். பெரும்பாலான புத்தகங்களை எழுதிய பீக்கன்ஸ்ஃபீல்ட் 'கிரீன் ஹெட்ஜஸ்' வீடு 1973-ல் இடிக்கப்பட்டுவிட்டது. அங்கே இப்போது இருப்பது, அவர் பெயர் தாங்கிய ஒரு சின்னத் தெரு. நீலப் பலகை இருப்பது பாடம் எடுத்த ஹூக் ரோடு வீட்டில்தான். பலகையை நிர்வகிக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு, தன் இணையக் குறிப்பில் அவர் மீதான இனவெறிப் புகார்களையும் சேர்த்திருக்கிறது. பலகையை எடுக்கவில்லை.