பிடிலை நமதாக்கிய பாலுசுவாமி தீட்சிதர்

திருவிழா நாட்களில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்திலே பிடிலும் சேர்ந்து ஒலிக்க, ஞானப்பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் செவிலிமேட்டை அடுத்த காஞ்சி மாநகரின் கச்சேரி மேடைகளிலும் அதே பிடில்தான் பாடகருக்குத் துணை. அது கடல் கடந்து வந்த கருவி என்ற நினைவே இன்று நமக்கு எழுவதில்லை. அந்நிலையை உண்டாக்கியவர்களுள் முன்னோடி பாலுசுவாமி தீட்சிதர். ஜூபிலி மலரில் தீட்சிதர் ஒருவருடைய சரித்திரம் எதற்கு என்று கேட்போர், கடைசிவரை பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம்.

பாலுசுவாமி 1786ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். தந்தை இராமசுவாமி தீட்சிதர் பெரும் இசைப்புலவர். அம்சத்வனி இராகத்தை உலகுக்குத் தந்தவர். மூத்த தமையனார்தாம் கர்நாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர். அவர் நம் காஞ்சியில் சில ஆண்டுகள் தங்கி, உபநிடத பிரம்மேந்திரர் என்னும் துறவியின் நட்பைப் பெற்று, ஏகாம்பரநாதர் மீதும் காமாட்சி மீதும் கீர்த்தனைகள் இயற்றியவர். இத்தகைய தமையனுக்குத் தம்பியாய்ப் பிறப்பது பெருமைதான். ஆனால் தம்பியின் பெயர் அந்த நிழலிலேயே மறைந்துபோவதும் உண்டு. பாலுசுவாமிக்கு அதுவே நேர்ந்தது.

சென்னைக்கு வடக்கேயுள்ள மணலியில் முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வர் இருந்தார். அவர் அழைப்பை ஏற்று இராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தோடு அங்கே குடியேறினார். செல்வரின் மகன் சின்னையா முதலியார் கும்பினியாரிடம் துபாஷாக இருந்தமையால், தீட்சிதர் பிள்ளைகளைச் சென்னைக் கோட்டைக்கு அழைத்துச் சென்று வெள்ளைக்காரரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்கச் செய்தார். மூத்தவர் மனத்தில் அம்மெட்டுகள் தங்கின. பிற்காலத்தில் அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். ஏறக்குறைய 40 எண்ணிக்கையுள்ள அவற்றை நோட்டுசுரப் பாடல்கள் என்பர். இளையவரின் கண்ணோ பிடிலின் மேல் விழுந்தது.

பையனின் ஆவலை அறிந்த முதலியார், ஐரோப்பியர் ஒருவரை அமர்த்தி மூன்றாண்டு காலம் பிடில் கற்பித்தார். வைதிகக் குடும்பத்துப் பிள்ளை ஓர் அந்நியரிடம், அந்நியர் வாத்தியத்தைக் கற்பதென்பது அக்காலத்தில் எளிய காரியமா? தந்தை தடுக்கவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. வில்லும் விரலும் வெள்ளைக்காரரிடம் கற்றவை. அவற்றால் வாசித்ததோ தந்தையாரிடம் கேட்ட இராகங்கள்.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. அதுவரை பாட்டுக்கு வீணையே துணையாய் இருந்தது. வீணையின் ஒலி, மீட்டிய சிறிது நேரத்தில் தேய்ந்துவிடும். வில்லால் இழுக்கும் பிடிலின் ஒலி, பாடுபவர் மூச்சுள்ளவரை கூடவே வரும். பிடிலில் மெட்டுகள் இல்லாமையால் விரலை வழுக்கி, கமகங்களைக் குரலைப் போலவே காட்டலாம். நம்மவர் நாளடைவில் தரையில் அமர்ந்து, பிடிலின் தலையை வலது பாதத்தில் ஊன்றி, நான்கு தந்திகளையும் சட்சம், பஞ்சமம், சட்சம், பஞ்சமம் என்று கூட்டி வாசிக்கலாயினர். முத்துசுவாமி தீட்சிதரின் மாணவரான தஞ்சை வடிவேலுவும் இக்கருவியில் வல்லவரானார். திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தாலான பிடிலைப் பரிசளித்தார். வடிவேலுவின் புகழைக் குறைக்க நாம் எண்ணவில்லை. ஆயினும் முதல் வித்து மணலியில் விழுந்தது என்பதே எம் கருத்து.

பாலுசுவாமியின் வாழ்க்கையில் துயரம் இல்லாமலில்லை. நடுத் தமையனார் சின்னசுவாமி கண்பார்வை இழந்தவர். தம்பியோடு மதுரை சென்றிருந்தபோது 1823இல் அங்கே உயிர்நீத்தார். மனமுடைந்த பாலுசுவாமி இராமேசுவரம் சென்றார். அவர் பெருமையைக் கேள்வியுற்ற எட்டயபுரம் மன்னர் தம் அரண்மனை வித்துவானாக அவரை ஏற்றுக்கொண்டார். தம்பியைத் தேடிவந்த முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் அதே எட்டயபுரத்தில் காலமானார். இரு தமையன்மாரையும் இழந்த பின் குடும்பத்தின் இசைச் செல்வம் முழுவதும் பாலுசுவாமி ஒருவரையே நம்பி நின்றது.

அவர் தம் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராமனைச் சுவீகாரம் எடுத்து, தாம் அறிந்ததையெல்லாம் கற்பித்தார். 1850களின் இறுதியில் பாலுசுவாமி மறைந்தபோது பேரனுக்கு வயது இருபது அளவே. கற்றதை அரண்மனைக்குள்ளேயே வைத்துக்கொண்டு சுப்பராம தீட்சிதர் காலம் கழித்திருக்கலாம்.

இங்கேதான் நம்மவர் ஒருவர் வருகிறார். சென்னை அரசாங்கச் செயலகத்தில் அலுவல் பார்த்த ஏ. எம். சின்னசாமி முதலியார் கத்தோலிக்கர். நம் நாட்டு இசை எழுத்தில் இல்லாமல் அழிந்துபோகிறதே என்று கவலைகொண்டு, 1892 முதல் அதை ஐரோப்பியச் சுரக் குறிப்பில் அச்சிட்டு வெளியிடலானார். தம் கைப்பொருளையும் உடல்நலத்தையும் இப்பணியில் கரைத்தார். சுப்பராம தீட்சிதர் காத்துவந்த கீர்த்தனைகள் நூலாக வேண்டுமென்று எட்டயபுரம் மன்னரிடம் மன்றாடியவரும் இவரே. சைவ வீட்டுச் சொத்தைக் காக்க ஒரு கிறிஸ்தவர் இவ்வளவு பாடுபட்டார். முன்னே அவ்வீட்டுப் பையனுக்கு ஒரு வெள்ளைக்காரர் வில்பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

1904இல் எட்டயபுரத்தில், தெலுங்கு எழுத்தில், "சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி" இரு பாகங்களாக வெளிவந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் அதில் சுரத்தோடு உள்ளன. தம்மை வளர்த்த தாத்தாவின் சரித்திரத்தையும் சுப்பராம தீட்சிதர் அதிலே எழுதிவைத்தார். இரண்டாண்டு கழித்து, 1906இல், அவரும் கண்மூடினார்.