இசைவாணர் கரூசோ

இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரில் 1873ஆம் ஆண்டு எளிய தொழிலாளர் குடியிற் பிறந்தவர் என்ரிக்கோ கரூசோ. இளமையில் தந்தையாரைப் போலவே ஆலையில் உழைத்தார், தேவாலயத்திற் பாடினார். ஆண்குரலின் உச்சத்தை எட்டும் 'டெனர்' பாடகராக 1895இல் இசைநாடக மேடை ஏறினார்.

புகழ் பரவியபின், 1901இன் இறுதியில் தம் நகரின் பேரரங்கிற் பாடினார். ஆங்கு எதிர்பார்த்த வரவேற்புக் கிட்டவில்லை. மனம் புண்பட்ட கரூசோ, இனி நேப்பிள்ஸில் பாடுவதில்லையென உறுதி பூண்டார். இறுதிவரை அதனைத் தளர்த்தினாரல்லர்.

பிறந்த ஊர் போற்றாத குரலைப் பிற நாடுகள் போற்றின. 1902இல் மிலானில் அவர் பாடிய பத்துப் பாடல்கள் இசைத்தட்டுகளாயின. 1903 முதல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரங்கில் 18 பருவங்கள் பாடினார். 1920 டிசம்பரில், பாடும்போதே வாயினின்று குருதி பெருகியது. கைக்குட்டைகளால் துடைத்துக்கொண்டே முதல் அங்கத்தை முடித்தார். கடமையோ, பிடிவாதமோ, யாரறிவார்!

நோயுடன் தாயகம் திரும்பிய அவர், 1921 ஆகஸ்டு 2ஆம் நாள், தாம் பாட மறுத்த நேப்பிள்ஸிலேயே உயிர் நீத்தார்.