கத்திச் சண்டைப் படங்களின் சேலத்து முதலாளி

தர்மபுரிப் பக்கத்துக் கிராமங்களில் அந்த நாளில் பொழுது சாயும் நேரம் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு கேட்கும். டூரிங் டாக்கீசில் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அதற்கு அர்த்தம். பெண்கள் அவசர அவசரமாகச் சோறாக்கி இறக்குவார்கள். பிள்ளைகள் முன்னே ஓடுவார்கள். தரை டிக்கெட் சில அணாதான். மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் உட்கார்ந்துகொண்டால், முன்னால் இருப்பவர் தலை மறைக்காது.

திரையில் கோட்டை தெரியும். கொடுங்கோலன் ஒருவன் சிரிப்பான். அவனை எதிர்த்து ஒரு வாலிபன் வாளை உருவுவான். உடனே கொட்டகை முழுவதும் விசில் பறக்கும்!

அப்படி விசில் பறந்த படங்களில் பல, வெகு தூரத்திலிருந்து வந்தவை அல்ல. தொப்பூர் கணவாயை இறங்கினால் சேலம். அந்தச் சேலத்தில்தான் அவை உருவாயின. அப்போது தர்மபுரியும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்ததுதான். 1965 அக்டோபர் 2-ல்தான் அது தனி மாவட்டம் ஆயிற்று.

அந்தப் படங்களை எடுத்தவர் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர்.சுந்தரம்.

நூல் படிக்கப் போனவர்

சுந்தரம் 1907-ம் ஆண்டு திருச்செங்கோட்டில் பிறந்தார். நூல் வியாபாரம் செய்த வசதியான குடும்பம். பிள்ளை நெசவுத் தொழிலை முறையாகக் கற்று வரட்டும் என்று சீமைக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரம் துணி ஆலைகளுக்குப் பேர் போனது. அங்கே படித்தார்.

படிப்பை முடித்துத் திரும்பியவர், கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மனைவியாக அழைத்து வந்தார். 1930-களில் திருச்செங்கோட்டுக் குடும்பம் ஒன்றில் இது எப்படிப்பட்ட செய்தியாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வந்தவர் ஆலை கட்டவில்லை. தமிழில் பேசும் படம் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. படம் எடுக்க வேண்டுமானால் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயில் ஏற வேண்டும். சேலத்தில் இருந்த ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற கம்பெனியில் சுந்தரம் பங்கு சேர்ந்தார். தொழிலின் நெளிவு சுளிவுகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு ஏற்காடு போகும் சாலையில் நிலம் வாங்கித் தமது சொந்த ஸ்டூடியோவை எழுப்பினார். அதுதான் மாடர்ன் தியேட்டர்ஸ். முதல் படம் 'சதி அகல்யா', 1937-ல் வந்தது. மறு ஆண்டே 'பாலன்' வெளிவந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படம் அது. மலையாளத்தாரின் முதல் பேச்சு சேலத்தில் பதிவாயிற்று என்பது பலருக்குத் தெரியாது.

ஆலை மாதிரி ஸ்டூடியோ

படிப்பு வீண் போகவில்லை. ஸ்டூடியோவை அவர் ஒரு துணி ஆலை மாதிரி நடத்தினார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, படம் கழுவும் இடம், தச்சர்கள், தையல்காரர்கள் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். கதை எழுதுகிறவர்களுக்கும் நடிக நடிகையருக்கும் மாதச் சம்பளம். வேலை மணிக்குத் தொடங்கும். கண்டிப்பானவர் என்று பெயர். முதலாளி வருகிறார் என்றால் பேச்சு அடங்கிவிடுமாம்.

கண்டிப்பு எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் படங்கள் மட்டும் குறித்த காலத்தில் வெளிவந்துகொண்டே இருந்தன. ஒன்று நஷ்டமானால் அடுத்தது கைகொடுக்கும். தமது வாழ்நாளில் ஏறக்குறைய 100 படங்களை அவர் வெளியிட்டார். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று பல மொழிகள். அமெரிக்கக் கம்பெனியுடன் சேர்ந்து 1952-ல் 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படம்கூட எடுத்தார்.

புராணம், சமூகக் கதை, துப்பறியும் கதை எல்லாம் எடுத்தார். என்றாலும் கிராமத்து ஜனங்களைக் கட்டி இழுத்தவை ராஜா ராணிக் கதைகளே. 1940-ல் 'உத்தம புத்திரன்' வந்தது. சிலம்பமும் கத்தி வீச்சும் கற்றுத் தேர்ந்த பி.யு.சின்னப்பா, அண்ணனும் தம்பியுமாக இரட்டை வேடத்தில் தோன்றினார். ஒரே ஆள் இரண்டு பேராக நிற்பதைத் தமிழ் ஜனங்கள் திரையில் கண்டது அதுவே முதல் தடவை. கதை பிரெஞ்சு நாவல் ஒன்றிலிருந்து வந்தது. 1951-ல் வந்த 'சர்வாதிகாரி'க்கும் மூலம் ஓர் அமெரிக்கப் படம்தான். கடன் வாங்குவதற்குச் சுந்தரம் கூச்சப்பட்டதில்லை. வாங்கிய சரக்குக்கு நம் ஊர்ச் சாயம் ஏற்றத் தெரிந்தவர் அவர்.

ஏன் இந்த மோகம்?

வாளும் கேடயமும் கொண்ட கதைகளில் மக்களுக்கு ஏன் இத்தனை ஆசை?

தர்மபுரிச் சீமையில் இதற்குப் பதில் சொல்வது எளிது. இது தெருக்கூத்து வேரூன்றிய மண். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பார்கள். இரவெல்லாம் கூத்து நடக்கும். கிரீடமும் புஜக்கீர்த்தியும் தரித்து அருச்சுனனும் கர்ணனும் தெருவுக்கு வருவார்கள். கடைசியில் துரியோதனன் படுகளம். மண்ணால் பெரிய உருவம் செய்து கிடத்தி, அதன் முன்னே பீமன் அவனை வீழ்த்துவான். பழைய காலத்தில் தகடூர் என்ற பெயரோடு அதியமான் ஆண்ட ஊரும் இதுதான். போர்க்கதை கேட்காத பிள்ளை இங்கே எது? சினிமாக் கொட்டகையில் வாள் மின்னியபோது அது புதிய காட்சியாக இல்லை. தெரிந்த காட்சி கிட்டத்தில் வந்து நின்றது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. கொடுங்கோலனிடம் பயப்படாமல் கேள்வி கேட்கும் வாலிபன் திரையில் பேசினான். கணக்கப்பிள்ளை முன்னால்கூட வாய் திறக்காதவர்கள் அதைக் கேட்டுக் கை தட்டினார்கள்.

'மந்திரி குமாரி'

1950-ல் வந்த 'மந்திரி குமாரி'யில் இந்த இரண்டும் ஒன்று சேர்ந்தன. குண்டலகேசிக் கதையின் ஒரு பகுதியை வைத்து மு.கருணாநிதி நாடகமாக எழுதியிருந்தார். அவரே படத்துக்கும் வசனம் எழுதினார். தளபதியாக எம்.ஜி.ஆர். ராஜகுருவாக நம்பியார். டைரக்டர்கள் எல்லிஸ் ஆர்.டங்கன், சுந்தரம் இருவரும். டங்கன் அமெரிக்கர், அந்த ஆண்டே அவர் தம் நாட்டுக்குத் திரும்பிவிட்டார்.

கத்திச் சண்டை நிறைய உள்ள படம்தான். ஆனால் இன்றுவரை ஜனங்கள் மறக்காத கட்டத்தில் கத்தியே கிடையாது. ராஜகுருவின் மகன் பகலில் சீமான், இரவில் கொள்ளைக்காரன். மந்திரியின் மகள் அமுதவல்லி அவனை நம்பி மணந்தாள். அவளைத் தள்ளிக் கொல்ல எண்ணி, இனிக்க இனிக்கப் பாடி மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான். உண்மை அவளுக்கு அங்கேதான் புரிகிறது. ஓடுவதற்கு வழியில்லை. சாகுமுன் கணவனை மூன்று முறை வலம் வர வேண்டும் என்கிறாள். அவனும் இசைகிறான். மூன்றாவது சுற்றில் பின்னால் வந்து அவனையே தள்ளிவிடுகிறாள்!

அமுதவல்லியாக மாதுரி தேவி நடித்தார். படத்தின் பெயரும் தளபதியின் பெயர் அல்ல, அந்தப் பெண்ணைக் குறித்ததுதான். சண்டைப் படத்துக்குப் பெண்கள் ஏன் கூட்டம் கூட்டமாக வந்தார்கள் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

வண்ணத்தில் பந்தயம்

1956 பொங்கலன்று சுந்தரம் தமது பெரிய பந்தயத்தை வைத்தார். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' முழுவதும் வண்ணத்தில் வந்தது. தமிழில் முதல் முழு நீள வண்ணப் படம் அதுதான். வண்ண பிலிமுக்குச் செலவு அதிகம். படம் படுத்தால் கம்பெனி ஆட்டம் கண்டுவிடும். டைரக்‌ஷன் பொறுப்பையும் அவரே ஏற்றார். எம்.ஜி.ஆரும் பானுமதியும் ஜோடி. கொள்ளைத் தலைவன் பி.எஸ்.வீரப்பா. குகைக் கதவு திறந்து பொன்னும் மணியும் நிறத்தோடு ஜொலித்தபோது கொட்டகையில் மூச்சுப் பேச்சு இல்லை. பந்தயம் ஜெயித்தது.

கடல் கடந்தும் இதே கதை நடந்தது. சீனர்களான ஷா சகோதரர்கள் சிங்கப்பூரில் படக் கம்பெனி நடத்தினார்கள். அதே 1956-ல் 'ஹங் துவா' என்ற மலாய் வீரனின் கதையை வண்ணத்தில் வெளியிட்டார்கள். அதன் டைரக்டர் பணி மஜும்தார் ஒரு வங்காளி. பிறகு 1961-ல் ஹாங்காங்கில் கடலோரமாகப் பெரிய ஸ்டூடியோ கட்டி, தொழிலாளரையும் நடிகரையும் அதற்குள்ளேயே குடிவைத்தார்கள். பழங்காலச் சீனத்து வாள்வீரர் படங்கள் அங்கிருந்து உலகெங்கும் போயின. 1967-ல் வந்த 'ஒற்றைக் கை வாள்வீரன்' வசூலைக் குவித்தது. கை இழந்தவன், உடைந்த வாளை வைத்துக்கொண்டே பகைவரை வெல்லும் கதை. அதைத் தர்மபுரிக் கொட்டகையில் போட்டிருந்தாலும் விசில் பறந்திருக்கும், மொழி தடையாகாது.

வளைவு

அந்தப் படம் வருவதைப் பார்க்கச் சுந்தரம் இல்லை. 1963 ஆகஸ்டு 30-ல் அவர் காலமானார். வயது 56.

மகன் ராமசுந்தரம் கம்பெனியை எடுத்து நடத்தினார். காலம் மாறியிருந்தது. கிரீடம் போய்க் கோட்டும் துப்பாக்கியும் வந்தன. ஜெய்சங்கர் நடித்த துப்பறியும் படங்கள் ஓடின. ஆனால் சினிமாத் தொழில் முழுவதும் சென்னையில் குவிந்துவிட்டது. மாதச் சம்பளத்துக்குச் சேலத்தில் வந்து தங்க நட்சத்திரங்கள் யாரும் தயாராக இல்லை. ஒரு மனிதரின் கண்டிப்பில் ஓடிய ஆலை, அவர் போனபின் மெல்ல மெல்ல வேகம் குறைந்து 1980-களில் நின்றுபோயிற்று.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவு மட்டும் மிஞ்சியது. ஒரு காலத்தில் குதிரைகளும் தேர்களும் நுழைந்த இடத்தில் இப்போது வீடுகள் இருக்கின்றன.