பறிபோன முடியும் கட்டிய தலைப்பாகையும்

அய்யா துணை



சாமித்தோப்பு தலைமைப்பதிக்கு வரும் ஆண்மக்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டி, நெற்றியில் திருநாமம் இட்டு, கண்ணாடி முன் நின்று கும்பிடுகிறார்கள். தினமும் நடப்பதால் இது பழகிப்போன காரியமாகிவிட்டது. ஆனால் அந்தத் துணிக்குப் பின்னால், தாயின் மடியில் கிடந்த ஒரு பச்சைக் குழந்தையிடமிருந்து பறிக்கப்பட்ட பெயர் ஒன்று இருக்கிறது. அதை நினைத்துக் கட்டுகிறவர்களுக்கே தலைப்பாகையின் அருமை தெரியும்.

1809-ஆம் ஆண்டு. இன்று சாமித்தோப்பு என்று வழங்கும் ஊர் அன்றைக்குத் தென் திருவிதாங்கூர் அரசில் ஒரு சிறிய பனங்காட்டு ஊர். அங்கே பொன்னு நாடாருக்கும் வெயிலாள் அம்மாளுக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் ஆசையோடு முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். கிரீடம் தரித்த திருமால் என்று அதற்குப் பொருள்.

மேல்சாதிக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. தலையில் ஒரு துண்டு கட்டக்கூட உரிமை இல்லாத சாதியில் பிறந்த பிள்ளைக்கு முடி என்றும் பெருமாள் என்றும் பெயரா என்று எதிர்த்தார்கள். ஏழைப் பெற்றோரால் என்ன செய்ய முடியும்? பெயரை மாற்றினார்கள். முடிசூடும் பெருமாள் முத்துக்குட்டி ஆனார். அந்தக் குழந்தைக்குத் தான் யார் என்று தெரியும் முன்பே, நீ இவ்வளவுதான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

அந்த ஒரு குழந்தைக்கு மட்டும் நடந்ததா? அன்றைய திருவிதாங்கூரில் தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிகளில் பிறந்த எல்லாருக்கும் இதுவே நிலைமை. ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது. குடை பிடிக்கவும் செருப்பு போடவும் பொன் நகை அணியவும் தடை. தலைக்கு வரி, ஏறும் பனைக்கு வரி. அதற்கும் மேல் கூலி இல்லாத ஊழியம். மேல்சாதியார் வந்தால் இத்தனை அடி விலகி நிற்கவேண்டும் என்று கணக்கு வேறு.

இதில் பெரிய கேடு ஒன்று உண்டு. தினமும் விலகி நிற்கிறவன், தான் விலகி நிற்கவேண்டியவன்தான் என்று ஒருநாள் தானே நம்பிவிடுகிறான். குனிந்த முதுகு பழகிவிட்டால், நிமிரச் சொல்கிறவனைக் கண்டு பயம் வருகிறது. கலி என்பது வெளியே இருந்து அடிக்கும் கோல் மட்டும் இல்லை. அடி வாங்குகிறவனின் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் மாயையும் அதுதான்.

முத்துக்குட்டி மற்ற பிள்ளைகளைப் போலத்தான் வளர்ந்தார். பனையும் அக்கானியும் கருப்பட்டியும் வயல்வேலையுமாக இருந்த அந்த மக்கள் நடுவிலேயே உழைத்தார். ஆனால் சிறுவயதிலிருந்தே திருமால் மேல் அவருக்கு ஆழமான பக்தி இருந்தது. ஊர் பெயரை மாற்றலாம், உடுப்பைக் குறைக்கலாம், தெருவில் விலக்கி நிறுத்தலாம். உள்ளே ஊறுகிற பக்தியை எந்த அதிகாரியும் போய்த் தொட முடியாது. பறித்த பெயருக்கு உரிய பெருமாள் அந்தப் பிள்ளையின் மனசில் பத்திரமாக இருந்தார். பிறகு புவியூர் திருமாலம்மாளோடு அவருக்கு இல்வாழ்வு அமைந்தது.

இருபது வயதைக் கடந்த சில ஆண்டுகளில் கடுமையான நோய் அவரைக் கிடையில் தள்ளியது. நாளுக்கு நாள் உடல் மெலிந்தது. 1833-ஆம் ஆண்டு, கொல்லம் 1008 மாசி மாதம், திருச்செந்தூர்த் திருவிழாவுக்கு அவரைத் தொட்டில் கட்டிச் சுமந்துகொண்டு வெயிலாள் அம்மாளும் உறவினரும் நடந்தார்கள். மகன் பிழைத்தால் போதும் என்பதுதான் அந்தத் தாயின் வேண்டுதல். திருச்செந்தூரில் அவர் கடலுக்குள் இறங்கினார். தேடிப் பார்த்தும் காணாமல், போய்விட்டார் என்றே எல்லாரும் அழுதார்கள். தாய் மட்டும் கரையை விட்டு அகலவில்லை.

மூன்றாம் நாள், மாசி 20-ல், அவர் கடலிலிருந்து எழுந்து வந்தார். கடலுக்குள்ளே நாராயணருக்கு மகனாக வைகுண்டர் அவதரித்தார் என்று அகிலத்திரட்டு சொல்லுகிறது. ஓடிவந்து அணைக்கப்போன தாயிடம், முன்பு உனக்கு மகனாக இருந்தவன் நான் இல்லை, இப்போது நாராயணருக்கு மகன் என்று அவர் உணர்த்தினார். மூன்று நாள் கடற்கரையில் காத்துக்கிடந்த தாய்க்கு அந்தச் சொல் எப்படி இருந்திருக்கும்! பெற்றவளின் மகன் என்ற உறவுகூட அங்கே பின்னால் நின்றது. முத்துக்குட்டி என்று ஊர் ஒட்டிய பெயர் அந்த அலையோடு போயிற்று.

அங்கிருந்து கால்நடையாகவே தெச்சணம் வந்து பூவண்டன்தோப்பில் தவம் இருந்தார். ஆறு ஆண்டு தவம். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள் நின்று, அடுத்த இரண்டு ஆண்டு தரையில் இருந்து, கடைசி இரண்டு ஆண்டு உயர்ந்த பீடத்தில் அமர்ந்து. யுகத்துக்காக ஒரு தவம், சான்றோர் சாதிக்காக ஒரு தவம், பெண்மக்களுக்காக ஒரு தவம் என்று அன்பர்கள் சொல்வார்கள். பித்தன் என்று ஏசியவர்களும் அன்று இருந்தார்கள். ஆனால் நோய் தீர வந்தவர்களும் ஆறுதல் தேடி வந்தவர்களும் பெருகினார்கள்.

சாணார் வீட்டுப் பிள்ளையிடம் பல சாதிக்காரர்களும் வந்து கூடுவது அரசருக்குச் சுவாதித் திருநாள் காலத்தில் எட்டியது. அய்யாவைப் பிடித்து சுசீந்திரம் கொண்டுபோனார்கள். பிறகு திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். பாலில் நஞ்சு கலந்து கொடுத்ததும், பசித்த புலியின் முன் விட்டதும் அகிலத்திரட்டு கூறும் சோதனைகள். கடைசியில், உன் சாதிக்குள்ளே மட்டும் இருந்துகொள்வதாக எழுதிக்கொடுத்தால் விடுகிறோம் என்று கேட்டதாகவும், அய்யா அதற்கு இசையவில்லை என்றும் அன்பர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய சோதனை. புலி உடம்பைத்தான் தின்னும். எழுதிக்கொடுத்தால் தான் யார் என்பதையே கொடுத்ததாகும். குழந்தையாக இருந்தபோது பெற்றோரைப் பயமுறுத்திப் பெயரை மாற்றிய அதே கை, இப்போது ஒரு காகிதத்தை நீட்டியது. அன்று மறுக்க வழியில்லை. இன்று மறுத்தார். விடுதலையாகி மக்களோடு திரும்பினார்.

அதன் பிறகு அய்யா செய்ததைப் பாருங்கள். வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் ஏறத்தாழ 700 குடும்பங்களைத் துவையல் தவசில் இருத்தினார். மூன்று வேளை குளித்து, துணி துவைத்து, ஒருவேளை பச்சரிசியும் சிறுபயறும் பொங்கி உண்டார்கள். அழுக்கானவர்கள் என்று தள்ளப்பட்டவர்கள் அதே துவையலையே தவமாகச் செய்தார்கள். பல சாதியாரும் ஒன்றாக நீராட முந்திரிக்கிணறு தோண்டப்பட்டது. ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார்கள். கூடிப் படிக்கவும் பணிவிடை செய்யவும் ஊர் ஊராக நிழல் தாங்கல்கள் எழுந்தன. 1841-ல் சீடர் அரிகோபாலர் வழியாக அகிலத்திரட்டு அம்மானை ஏடாயிற்று.

தலையில் துணி கட்டக்கூடாது என்று அரசு தடுத்த மக்களைத் தலைப்பாகை கட்டி வரச் சொன்னார் அய்யா. தம் பெயரிலிருந்து எடுத்த முடியைத் தமக்கு மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. வந்த ஒவ்வொருவர் தலையிலும் அதை வைத்தார். அதோடு கண்ணாடியையும் முன்னே நிறுத்தினார். முதல்முறையாகத் தலைப்பாகையோடு அந்தக் கண்ணாடியைப் பார்த்த பனையேறி, தன்னைக் கண்டான். ஊர் சொன்ன ஆளை அங்கே காணவில்லை. நாராயணர் குடியிருக்கும் ஒருவன் எதிரே நின்றான்.

1851-ஆம் ஆண்டு வைகாசி 21-ல் அய்யா வைகுண்டம் ஏகினார். எட்டு ஆண்டு கழித்து, 1859-ல், நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தலாம் என்று அரசு அறிவித்தது. 1936-ல் திருவிதாங்கூர்க் கோவில்கள் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்தன. அரசாணை வருவதற்கு எத்தனையோ ஆண்டு முன்பே, பதியின் கண்ணாடி முன் அந்த மக்கள் நிமிர்ந்துவிட்டார்கள்.

அன்பர்களே! இன்று தலைப்பாகையைத் தடுப்பார் இல்லை. ஆனால் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்ற ஒருவர், வெளியே வந்து வேட்டியை மடித்துக் கட்டியதும் இன்னொருவரைச் சாதியாலோ பணத்தாலோ சிறுமையாகப் பார்த்தால், அவர் கட்டியது வெறும் துணிதான். தன் தலையில் இருக்கும் அதே முடி எதிரே நிற்பவர் தலையிலும் இருப்பதைக் காண்கிறவரே அய்யாவின் பிள்ளை.

அய்யா உண்டு.