வெயிலை உப்பில் சேமித்த மரியா டெல்கெஸ்

சோலார் பேனல் பகலில்தான் வேலை செய்யும். ராத்திரிக்கு என்ன பண்றது? லித்தியம் பேட்டரி என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால் குளிர்நாட்டு வீட்டுக்கு ராத்திரியில் முக்கியமாகத் தேவைப்படுவது கரண்ட் இல்லை, சூடு. அந்தச் சூட்டையே நேரடியாகச் சேமிக்க முடியுமா என்று 1940-களிலேயே வீடு கட்டிப் பார்த்தவர் மரியா டெல்கெஸ்.

1900-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு 1925-ல் அமெரிக்கா போனார். 1939-ல் எம்.ஐ.டி.யின் சூரிய ஆற்றல் ஆய்வில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, கடலில் தத்தளிக்கும் வீரர்களுக்காக, வெயிலைக் கொண்டே கடல்நீரைக் குடிநீராக்கும் மிதவைக் கருவியை உருவாக்கினார்.

வீட்டுக்கு அவர் தேர்ந்தெடுத்தது கிளாபர் உப்பு. சோடியம் சல்ஃபேட்டும் நீரும் சேர்ந்த படிகம், விலையும் மலிவு. சுமார் 32 டிகிரி செல்சியஸில் உருகும். உருகும்போது வெப்பத்தை உள்ளே இழுக்கும், உறையும்போது வெளியே விடும். ஒரு கிலோ தண்ணீரை 60 டிகிரி சூடேற்ற எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, கிட்டத்தட்ட அவ்வளவையும் ஒரு கிலோ உப்பு உருகும்போதே வாங்கிக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டி மாதிரி இடத்தை அடைக்காது.

1948-ல் மாசசூசெட்ஸின் டோவரில் அந்த வீடு எழுந்தது. வடிவமைத்தவர் எலினோர் ரேமண்ட், பணம் போட்டவர் சிற்பி அமீலியா பீபடி. மூவருமே பெண்கள், அதுவும் அந்தக் காலத்தில்! மாடியின் தெற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. அங்கே சூடாகும் காற்றை மின்விசிறிகள் உப்பு டிரம்களுக்குத் தள்ளும். மொத்தம் சுமார் 21 டன் உப்பு. டெல்கெஸின் உறவினர் குடும்பமே குடியேறியது.

முதல் குளிர்காலங்கள் நன்றாகவே போயின. அப்புறம்தான் சிக்கல். உருகும்போது சோடியம் சல்ஃபேட்டில் ஒரு பகுதி கரையாமல் அடியில் படிந்துவிடும். குளிரும்போது மேலே நிற்கும் நீரோடு அது முழுசா சேராது. உருகி உறைய உறைய, சேமிக்கும் திறன் குறைந்துகொண்டே போகும். டிரம்களில் அரிப்பும் கசிவும் வேறு. கடைசியில் அந்த வீட்டுக்கும் வழக்கமான ஹீட்டர்தான் வந்தது. 1953-ல் எம்.ஐ.டி. வேலையும் போனது.

ஃபெயிலியர் என்று இதோடு கணக்கை முடிப்பது சரியில்லை. அவர் விடவில்லை. நடுவில் சூரிய அடுப்புகளை உருவாக்கினார். 1970-களில் டெலாவேர் பல்கலைக்கழகத்தில் மறுபடி உப்புக்கே திரும்பினார். ஒருவகைக் களிமண்ணைக் கலந்து உப்பைக் கூழ் மாதிரி கெட்டியாக்கினார். கூழில் எதுவும் சுலபத்தில் அடியில் தங்காது இல்லையா? அதேதான்.

இன்று பிரிட்டனில் சில வீடுகளில் வெந்நீருக்கு வைக்கும் வெப்ப பேட்டரிகளில் இருப்பது சோடியம் அசிடேட், வேறு உப்பு. சுமார் 58 டிகிரியில் உருகும். ஆனால் உருகி உறைந்து வேலை செய்யும் விதம் அதேதான். நீரும் உப்பும் பிரியாமல் பார்த்துக்கொள்வது இங்கேயும் பெரிய வேலை.

எழுபது வருடங்களுக்குப் பிறகு 1995-ல் முதல்முறையாகப் புடாபெஸ்ட் போனார் டெல்கெஸ். அந்தப் பயணத்திலேயே, டிசம்பர் 2 அன்று, 95-வது பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்னால் அங்கே காலமானார்.